கோட்டைத் தாண்டும் வலி

உள்நோயாளி ஒருவரின் கால் சிவந்து வீங்கியிருக்கிறது என்று வார்டிலிருந்து அழைப்பு வந்தால், தோலில் எழுதக்கூடிய மார்க்கர் பேனா ஒன்றை மறக்காமல் எடுத்துச் செல்வேன். சிவப்பின் விளிம்பையொட்டிக் கோடு வரைந்து, அருகில் தேதியையும் மணியையும் குறித்துவைப்பது மருத்துவமனைகளில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். ஆனால் நான் பார்க்கும் கோடுகள் பலவற்றின் அருகில் தேதி இருக்கும், மணி இருக்காது. அந்தக் கோடு நேற்றுக் காலையில் வரையப்பட்டதா, நள்ளிரவில் வரையப்பட்டதா என்று தெரியாதபோது, இன்றைய சிவப்பு அதைத் தாண்டி இரண்டு விரற்கடை நகர்ந்திருப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒரு நாள் முழுவதும் எடுத்துக்கொண்டு இரண்டு விரற்கடை நகர்ந்த தொற்றுக்கும், மூன்று மணி நேரத்தில் அதே தொலைவு நகர்ந்த தொற்றுக்கும் ஒரே சிகிச்சை பொருந்தாது. முதலாவதற்குப் பெரும்பாலும் மருந்தே போதும். இரண்டாவதற்கு அறுவை அரங்கைத் தயார்செய்யச் சொல்ல வேண்டியிருக்கும்.

தோல் தொற்றைப் பற்றிய பாடங்கள் எல்லாம் அது எப்படித் தோற்றமளிக்கும் என்பதிலேயே தொடங்குகின்றன. கறுத்த தோல், இரத்தம் கோத்த கொப்புளங்கள், அழுகிய சதை என்று படங்களைக் காட்டுகிறார்கள். அவை நோயின் பிந்தைய கட்டத்தில் எடுக்கப்பட்டவை. உயிருக்கு ஆபத்தான தொற்றும் முதல் சில மணி நேரங்களில் சாதாரணத் தொற்றைப் போலவேதான் இருக்கும். ஆகவே ஒருமுறை பார்த்து இன்ன நோய் என்று தீர்மானித்துவிட்டுப் போவதைவிட, குறித்த நேரத்தில் திரும்பிவந்து பார்ப்பதுதான் இங்கே முதன்மையான பரிசோதனை என்பது என் கருத்து. இரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் கொடுக்கும் மதிப்பை, மூன்று மணி நேரம் கழித்து அதே படுக்கைக்குத் திரும்பிச் செல்வதற்கு நாம் கொடுப்பதில்லை. அது கேஸ் ஷீட்டில் ஓர் உத்தரவாக எழுதப்படுவதும் அரிது.

தொற்று எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பெயரும் போக்கும் அமைகின்றன. உள்தோலின் மேற்பகுதியிலும் அங்குள்ள நிணநீர்க் குழாய்களிலும் தங்கிவிட்டால் எரிசிபெலஸ்; அதன் விளிம்பு மேடாகவும் தெளிவாகவும் இருக்கும், விரலால் தடவினால் எங்கே தொடங்குகிறது என்று சொல்லிவிடலாம். உள்தோலின் ஆழத்துக்கும் அதன் கீழுள்ள கொழுப்புக்கும் இறங்கிவிட்டால் செல்லுலைட்டிஸ். விளிம்பு மங்கலாக இருக்கும். சீழ் ஓரிடத்தில் சேர்ந்தால் கட்டி. அதற்கும் கீழே, தசையை மூடியிருக்கும் தசையுறையைப் பற்றிக்கொண்டு பரவினால் நெக்ரோடைசிங் ஃபேஸியைடிஸ் எனப்படும் தசையுறை அழுகல். தசையையே தாக்குவதும் உண்டு.

நடைமுறையில் முதல் கேள்வி, சீழ் இருக்கிறதா இல்லையா என்பது. சீழ் இருந்தால் பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவே காரணம். கீறி வடிப்பதே முதன்மைச் சிகிச்சை, ஆன்டிபயாட்டிக் அதற்குத் துணை. வடிக்காமல் விட்ட கட்டிக்கு மேலும் மேலும் வலுவான மருந்தாக மாற்றிக்கொண்டே போவது வார்டுகளில் அடிக்கடி நடக்கிறது; நான்காம் நாள் ஒருவர் கத்தியை எடுத்த பிறகுதான் காய்ச்சல் இறங்கும். சீழ் இல்லாத செல்லுலைட்டிஸுக்குப் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளே காரணம். அவற்றுக்குப் பென்சிலினும் செஃபசோலினும் இன்றும் நன்றாகவே வேலைசெய்கின்றன. 'மருத்துவமனையில் படுத்திருக்கிறாரே' என்ற ஒரே காரணத்துக்காக எல்லோருக்கும் வான்கோமைசின் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்க வேண்டியதில்லை. ஊடுருவிய காயம், உடலில் வேறிடத்தில் எம்.ஆர்.எஸ்.ஏ. (பென்சிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்) இருப்பது முன்பே தெரிந்திருத்தல், உடல் முழுவதும் தொற்றின் கடுமை தெரிதல் ஆகியவை இருந்தால் அது வேறு கதை.

சிவந்த கால் எல்லாம் தொற்று என்று நினைப்பது இதற்கு எதிர்ப்பக்கத்தில் உள்ள ஆபத்து. அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவிலிருந்து காலில் செல்லுலைட்டிஸ் என்று சேர்க்கப்பட்ட 259 பேரைப் பற்றி 2017-இல் வெளியான ஆய்வில், அவர்களில் 79 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு, உண்மையில் செல்லுலைட்டிஸே இல்லை. சிரைகளில் இரத்தம் தேங்குவதால் கணுக்கால்களில் ஏற்படும் தோல் அழற்சி, ஆழ்சிரையில் இரத்தக் கட்டு, கவுட் என்ற மூட்டு நோய், பிளாஸ்திரியின் பசை ஒத்துக்கொள்ளாமல் ஏற்படும் ஒவ்வாமை ஆகியவை எல்லாம் செல்லுலைட்டிஸ் வேடம் போடும். இரண்டு கால்களும் ஒரே அளவில் சிவந்திருந்தால், பாக்டீரியா இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நுழைந்தது என்று நம்புவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும். காலைச் சில நிமிடம் உயர்த்திப் பிடித்தால் சிவப்பு வடிந்துவிடுகிறதென்றால், அது இரத்தம் தேங்கியதால் வந்த சிவப்பாகவே பெரும்பாலும் இருக்கும்.

சிவப்பு என்று எளிதாக எழுதிக்கொண்டே போகிறேன். கறுத்த தோலில் அது பல சமயம் தெரிவதே இல்லை. அடர்ந்த பழுப்பாகவோ ஊதா சாயலாகவோ மினுமினுப்பாகவோ மட்டும் தெரியலாம். பாடநூல் படங்களில் பெரும்பாலானவை வெளுத்த தோலில் எடுக்கப்பட்டவை என்பதால், அந்தப் படத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு தேடுபவர் ஏமாந்துபோவார். இத்தகைய நோயாளிகளில் கண்ணைவிடக் கைக்கே வேலை அதிகம். புறங்கையால் இரு கால்களையும் மாறி மாறித் தொட்டு வெப்ப வேறுபாட்டைப் பார்ப்பது, தோலின் இறுக்கத்தையும் கெட்டித்தன்மையையும் விரலால் அறிவது, மறுபக்கத்தோடு ஒப்பிடுவது ஆகியவற்றின் வழியாகவே விளிம்பைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்போது வரைகிற கோடு சிவப்பின் கோடாக இராது. வெப்பமும் கெட்டித்தன்மையும் முடிகிற இடத்தின் கோடாக இருக்கும். இன்னது என்று அருகிலேயே எழுதிவிட்டால் அடுத்த முறைப் பணிக்கு வருபவருக்குக் குழப்பம் இராது.

இனி இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். தசையுறை அழுகல் புதிய நோயன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குப் படையின் மருத்துவராக இருந்த ஜோசப் ஜோன்ஸ், மருத்துவமனை அழுகல் என்ற பெயரில் 2642 நோயாளிகளைப் பற்றி 1871-இல் எழுதினார். அவர்களில் 46 சதவீதத்தினர் இறந்தனர். ஃபூர்னியே என்ற பிரெஞ்சு மருத்துவர் பிறப்புறுப்புப் பகுதியில் வரும் அழுகலை 1883-இல் விவரித்தார். பெய்ஜிங்கில் பணியாற்றிய ஃபிராங்க் மெலனி, ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வரும் அழுகலை 1924-இல் விளக்கினார். இன்று நாம் சொல்லும் பெயரை 1952-இல் வைத்தவர் பென் வில்சன். இத்தனை காலம் கடந்தும், நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளிலும் ஐந்தில் ஒருவர் என்ற அளவிலோ அதற்கு மேலோ இறக்கிறார்கள். நோய் மெதுவாகத் தோலுக்கு வருகிறது என்பதும், நாம் தோலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறோம் என்பதும் இதற்குப் பெரிய காரணங்கள்.

தொற்று தசையுறையின் மீது பக்கவாட்டில் ஓடுகிறது. அங்கே இரத்த ஓட்டம் குறைவு. தடுப்பதற்கும் அதிகமாக எதுவும் இல்லை. தசையுறையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து தோலுக்கு இரத்தம் கொடுக்கும் சிறு நாளங்கள் வழியிலேயே உறைந்து அடைபடுகின்றன. ஆனால் தோல் உடனே சாவதில்லை. அடியில் ஒரு சாண் தொலைவுக்கு அழுகல் ஓடியிருக்கும்போது மேலே உள்ளங்கை அளவு இளஞ்சிவப்பு மட்டுமே தெரியும். நரம்புகள் முதலில் எரிச்சலடைகின்றன. அதனால்தான் பார்வைக்குத் தெரிவதோடு ஒப்பிடவே முடியாத வலி. பிறகு அந்த நரம்புகளும் செத்துப்போகின்றன. அப்போது வலி குறைந்து, அந்த இடம் மரத்துப்போகிறது. 'இப்போது வலி பரவாயில்லை' என்று நோயாளி சொல்வது நல்ல செய்தியாக இருக்க வேண்டியதில்லை. காய்ச்சலும் நாடித் துடிப்பும் ஏறிக்கொண்டே இருக்கும்போது வலி மட்டும் இறங்கினால் அது மிகக் கெட்ட செய்தி. கொப்புளம், சாம்பல் நிறம், தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்று வாயு நகர்வது எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. வாயு வராமலேயே போவதும் உண்டு. குறிப்பாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தனியாகச் செய்யும் அழுகலில் அது பொதுவாக இருப்பதில்லை.

வேறு ஏதோ நோய்க்காகச் சேர்க்கப்பட்டிருந்த, ஐம்பதைக் கடந்த ஒருவரைப் பார்க்க அழைத்திருந்தார்கள். கெண்டைக்காலில் சிறிய சிவப்பு. காய்ச்சல் பெரிதாக இல்லை. செல்லுலைட்டிஸ் என்று எழுதி மருந்தும் தொடங்கியாகிவிட்டது. விளிம்பைக் கோடிட்டுவிட்டு, அந்தக் கோட்டுக்கு மேலே, பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத முழங்காலுக்கு அருகில், மெதுவாக அழுத்தினேன். அவர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அங்க கை வைக்காதீங்க டாக்டர்," என்றார். அதுவரை அவர் காலில் சிவப்பு இருந்த இடத்தைப் பற்றிக்கூட அவ்வளவாகப் புகார் சொல்லியிருக்கவில்லை. அதே சமயம் அவருடைய நாடித் துடிப்பு, காய்ச்சலுக்குப் பொருந்தாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பின் கோடும் வலியின் கோடும் ஒன்றாக இருக்கும்வரை நான் ஓரளவு நிம்மதியாக இருப்பேன். வலி கோட்டைத் தாண்டி ஆரோக்கியமான தோலுக்குள் போயிருந்தால், தொற்று தோலைவிட ஆழமான பாதையில் போய்க்கொண்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அன்று மாலைக்குள் அறுவை மருத்துவர் அந்தக் காலைத் திறந்தார். தொடையின் கீழ்ப்பகுதிவரை தசையுறை சாம்பல் நிறமாகியிருந்தது.

அவருக்கு வலியைச் சொல்ல வாய் இருந்தது. மருத்துவமனையில் பலருக்கு அது இல்லை. செயற்கைச் சுவாசத்தில் மயக்க மருந்தோடு இருப்பவர், வலி தெரியாமலிருக்க முதுகில் எபிடூரல் குழாய் வைக்கப்பட்டவர், சர்க்கரை நோயால் பாதங்களில் உணர்வே இழந்தவர், மார்பீன் ஓடிக்கொண்டிருப்பவர், பக்கவாதத்தால் பேச்சிழந்தவர் ஆகியோரிடம் 'பார்ப்பதற்கு மிஞ்சிய வலி' என்ற அடையாளம் கிடைக்கவே கிடைக்காது. இவர்களிடம் வேறு முரண்பாடுகளைத் தேட வேண்டும். காரணம் புலப்படாமல் இரத்த அழுத்தம் இறங்குதல், இரத்தத்தில் லாக்டேட் என்ற அமிலப்பொருள் ஏறுதல், சோடியம் குறைதல், நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பிதற்றுதல், சர்க்கரை அளவு திடீரெனக் கட்டுக்கு அடங்காமல் போதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால், போர்வையை முழுவதும் விலக்கிப் பார்க்க வேண்டும். நெஞ்சுப் படம், சிறுநீர்ப் பரிசோதனை, இரத்தக் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) என்று எல்லாம் எழுதுவோம். ஆனால் நோயாளியைப் பக்கவாட்டில் திருப்பி முதுகையும் பிட்டத்தையும் பார்க்க மாட்டோம். வயிற்று மடிப்புகளுக்கு அடியிலும், மார்பகத்தின் கீழும், தொடை இடுக்கிலும், சிறுநீர்க் குழாய் வைத்திருக்கும் பகுதியிலும் தொற்று மறைந்திருக்க இடம் ஏராளம். பிறப்புறுப்புப் பகுதியைப் பார்ப்பதில் நோயாளிக்கும் மருத்துவருக்கும் உள்ள கூச்சம் ஃபூர்னியே அழுகலுக்கு மிகவும் வசதியாக அமைந்துவிடுகிறது. டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் போன்ற சர்க்கரை மருந்துகளை எடுத்துக்கொள்பவர்களிடம், அரிதாக என்றாலும், இந்த அழுகல் வரக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. மருந்துப் பட்டியலைப் பார்க்கும்போது இது நினைவில் இருப்பது நல்லது.

சந்தேகம் வந்த பிறகு அதை உறுதிசெய்யப் போகும் வழியில்தான் நேரம் கரைகிறது. அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரோட்டீன், வெள்ளையணு எண்ணிக்கை, ஹீமோகுளோபின், சோடியம், கிரியாட்டினின், குளுக்கோஸ் ஆகிய ஆறு அளவுகளைக் கொண்டு மதிப்பெண் போடும் முறை ஒன்றைச் சிங்கப்பூர் மருத்துவர்கள் 2004-இல் வெளியிட்டார்கள். ஆறு மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது அதன் கணக்கு. மதிப்பெண் கூடினால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். குறைவாக வந்தால் நிம்மதியடையக் கூடாது. பின்னர் வந்த ஆய்வுகளில், உண்மையிலேயே அழுகல் இருந்தவர்களில் கணிசமானோரை அது தவறவிட்டது. நான் அதைப் போடுவதுண்டு. அறுவை மருத்துவரை அழைக்கலாமா என்று முடிவுசெய்வதற்காக அல்ல, அழைத்த பிறகு அவருக்குச் சொல்வதற்காக. சி.டி. ஸ்கேனும் அப்படித்தான். தசையுறையை ஒட்டி வாயு தெரிந்தால் முடிந்தது கதை. தெரியாவிட்டால் எதுவும் முடியவில்லை. இரத்த அழுத்தம் தள்ளாடிக்கொண்டிருக்கும் நோயாளியை ஸ்கேன் அறை வாசலில் வரிசையில் நிறுத்திவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

உறுதியான பதில் வேண்டுமானால் திறந்துதான் பார்க்க வேண்டும். மரத்துப்போகும் ஊசி போட்டு, இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குத் தசையுறைவரை கீறி, விரலை உள்ளே விட்டுப் பார்க்கும் சோதனையைப் படுக்கையருகிலேயே செய்யலாம். ஆரோக்கியமான திசுவாக இருந்தால் கீறியதும் இரத்தம் கசியும், கொழுப்பு தசையுறையோடு இறுக்கமாக ஒட்டியிருக்கும், விரலுக்கு வழிவிடாது. அழுகல் இருந்தால் இரத்தம் வராது. பாத்திரம் கழுவிய நீரைப் போல் கலங்கலான, சாம்பல் படிந்த திரவம் வடியும். விரலை மெல்லத் தள்ளினாலே கொழுப்பு தசையுறையிலிருந்து எந்த எதிர்ப்பும் இல்லாமல் பிரிந்துகொடுக்கும். இதை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியவந்தாலும் நோயாளிக்கு மிஞ்சுவது இரண்டு தையல் மட்டுமே. அந்த இரண்டு தையலுக்குத் தயங்கி ஒரு காலை இழக்கவிடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

அறுவை என்று முடிவானால் செத்த திசு முழுவதையும், இரத்தம் கசியும் திசு வரும்வரை வெட்டியெடுக்க வேண்டும். தோலைக் காப்பாற்ற நினைத்து அளவோடு வெட்டினால் மறுநாள் அதற்கும் சேர்த்து வெட்ட வேண்டிவரும். முதல் அறுவைக்குப் பின் ஒரு நாளுக்குள் மீண்டும் அரங்குக்கு எடுத்துச்சென்று பார்ப்பதை முன்கூட்டியே திட்டமிட்டுவிட வேண்டும்; புதிதாக வெட்ட எதுவும் இல்லை என்று தெரியும்வரை இது தொடரும். இங்கேயும் திரும்பிப் பார்ப்பதுதான் சிகிச்சை. குடும்பத்தாரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது முக்கியம். காலையில் "சாதாரண வீக்கம்தான் அம்மா, ஊசி போட்டிருக்கோம்" என்று கேட்ட மனைவியிடம், மாலையில் காலை எடுக்க வேண்டியிருக்கலாம் என்று கையெழுத்துக் கேட்டால், அவருக்கு அது ஏமாற்றுவேலையாகவே தோன்றும். ஆகவே எளிய செல்லுலைட்டிஸ் என்று நம்பும்போதும், "இப்போதைக்கு இப்படித் தெரியுது; ராத்திரி மறுபடி வந்து பார்ப்பேன், மாறினா வேற முடிவு எடுக்க வேண்டிவரும்" என்று சொல்லிவைப்பதே நேர்மை. உறவினர்களிடம் அந்தக் கோட்டைக் காட்டிவைப்பதும் உதவும். இரவு முழுவதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தானே.

மருந்தைப் பற்றி: அழுகல் என்ற சந்தேகம் இருக்கும்போது, கிருமி இன்னதென்று தெரியும்வரை பரந்த அளவில் தொடங்குவது சரியே. எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு வான்கோமைசின் அல்லது லினிசோலிட், குடல்வாழ் கிருமிகளுக்கும் காற்றில்லாமல் வாழும் கிருமிகளுக்கும் பிப்பராசிலின்-டாசோபாக்டம் அல்லது மெரோபெனெம் போன்ற ஒன்று. வான்கோமைசினையும் பிப்பராசிலினையும் சேர்த்துக் கொடுக்கும்போது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினைத் தினமும் பார்க்க வேண்டும். இவற்றோடு கிளிண்டமைசினைச் சேர்ப்பது ஏன் என்று பயிற்சி மருத்துவர்கள் பலமுறை கேட்பார்கள்; நல்ல கேள்விதான். பென்சிலின் வகை மருந்துகள் செல்சுவரைக் கட்டும்போது குறுக்கிடுபவை. பெருகிக்கொண்டிருக்கும் கிருமி மீதே அவை நன்றாக வேலைசெய்யும். கிருமிகள் மிக அதிகமாகச் சேர்ந்து பெருக்கம் நின்றுபோனால் அவற்றின் வலு குறைந்துவிடும் என்பதை ஹாரி ஈகிள் சுண்டெலிகளில் செய்த சோதனைகளில் 1952-இல் காட்டினார். கிளிண்டமைசின் கிருமியின் புரத உற்பத்தியையே நிறுத்துவதால், பெருகாத நிலையிலும் வேலைசெய்கிறது. அதைவிட முக்கியமாக, நோயாளியை அதிர்ச்சி நிலைக்குத் தள்ளும் நச்சுப் புரதங்கள் உற்பத்தியாவதைத் தடுக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ்தான் காரணம் என்று கல்ச்சரில் வந்துவிட்டால் மற்றவற்றை நிறுத்திவிட்டுப் பென்சிலினும் கிளிண்டமைசினுமாகக் குறுக்கிவிடலாம். பயந்துபோய்த் தொடங்கிய மருந்துகளை, பயம் தீர்ந்த பிறகும் நிறுத்த மனம் வராமல் இழுத்துக்கொண்டு போவதை அடிக்கடி காண்கிறோம். தொடங்கும்போது காட்டிய துணிச்சல் நிறுத்தும்போதும் வேண்டும்.

கல்ச்சருக்கு அனுப்ப வேண்டியது அறுவையின்போது எடுத்த ஆழ்ந்த திசுவும் இரத்தமும். புண்ணின் மேற்பரப்பைப் பஞ்சால் துடைத்து அனுப்பினால், அங்கே குடியிருக்கும் அத்தனை கிருமிகளின் பெயரும் வரும். அவற்றில் எது குற்றவாளி என்று மட்டும் தெரியாது. அப்படி வந்த பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மருந்து எழுதுவதைவிட, அனுப்பாமலே இருந்திருக்கலாம்.

மருத்துவமனையே உண்டாக்கும் தொற்றுகளில், மருந்து ஏற்றச் சிரையில் பொருத்தும் கேனுலா என்ற குழாயால் வருவது மிகச் சாதாரணமாகத் தெரியும், அதனாலேயே அலட்சியப்படுத்தப்படும். கையில் ஊசி ஏற்றிய இடம் சிவந்திருக்கிறது, எடுத்துவிட்டோம், களிம்பு போட்டோம் என்று முடிந்துவிடும். அந்த இடத்தில் சீழ் வந்தாலோ, சிரை கயிறுபோல் கெட்டியாகிக் காய்ச்சலும் சேர்ந்தாலோ, இரத்தக் கல்ச்சர் எடுத்தே ஆக வேண்டும். அதில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வந்துவிட்டால் அது கையின் நோயாக இருப்பதில்லை. மீண்டும் கல்ச்சர் எடுத்து இரத்தம் சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். இதய வால்வுகளை எக்கோவில் பார்க்க வேண்டும். எந்தச் சிக்கலும் இல்லாவிட்டாலும் குறைந்தது 14 நாள் சிகிச்சை வேண்டும்.

அறுவைக் காயத்தைப் பற்றி ஒரே ஒரு செய்தி. அறுவைக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரத்தில் வரும் காய்ச்சலுக்குக் காயத்தில் தொற்று காரணமாக இருப்பது அரிது. வழக்கமான காயத் தொற்றுகள் தலைகாட்டச் சில நாட்கள் ஆகும். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருப்பதாலேயே கட்டைப் பிரிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்த விதிக்கு விலக்கான இரண்டு கிருமிகள், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸும் கிளாஸ்ட்ரிடியமும், இரண்டுமே ஆளைக் கொல்பவை. ஆகவே முதல் நாளிலேயே காய்ச்சலும் காயத்தில் பொருந்தாத வலியும் இருந்தால், கட்டைப் பிரித்துப் பார்ப்பதற்கு விதியைக் காரணம் காட்டித் தயங்கக் கூடாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸாக இருந்தால், சரியான மருந்து தொடங்கி 24 மணி நேரம் ஆகும்வரை நோயாளியைத் தனிமைப்படுத்துவதும் வேண்டும். பக்கத்துப் படுக்கையிலும் அறுவைக் காயத்தோடு ஒருவர் இருப்பார்.

வெள்ளையணுக்கள் அருகிப்போன புற்றுநோய் நோயாளிகளிடம் மேலே சொன்ன அடையாளங்கள் பலவும் செல்லாது. சீழ் என்பதே பெரும்பாலும் வெள்ளையணுக்களின் குவியல். அவை இல்லாதபோது சீழ் எங்கிருந்து வரும்? வலியில்லாத ஒரு சிவப்புப் புள்ளி ஒரு நாளுக்குள் கொப்புளமாகி, நடுவில் கறுத்து, சுற்றிலும் சிவந்த வளையத்தோடு நிற்கும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இரத்தத்தில் ஓடுவதன் அடையாளம் அது. பூஞ்சையும் அதே போன்ற கறுப்பை உண்டாக்கும் என்பதால், அந்தப் புள்ளியிலிருந்து திசுவெடுத்து அனுப்ப வேண்டும். சிகிச்சையோ அதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். இத்தகைய வார்டுகளில் காலையில் நோயாளியைக் குளிப்பாட்டும் செவிலியர் கண்ணில்தான் அது முதலில் படும். 'நேத்து இது இல்ல டாக்டர்' என்று அவர் சொல்வதை எந்த ஆய்வக முடிவையும்விட நான் மதிக்கிறேன்.

எளிய செல்லுலைட்டிஸுக்கு வருவோம். வார்டில் பெரும்பாலானோருக்கு இருப்பது அதுதான். மருந்து தொடங்கிய முதல் நாளில், சில சமயம் இரண்டாம் நாளிலும், சிவப்பு கோட்டைச் சற்றே தாண்டுவது உண்டு. சாகும் கிருமிகள் கிளப்பிவிடும் அழற்சி அதற்குக் காரணம். நோயாளி நன்றாக இருந்து, காய்ச்சல் இறங்கி, வலியும் குறைந்துகொண்டிருந்தால், அதற்காக மருந்தை மாற்ற வேண்டியதில்லை. கோடு ஒன்றை மட்டும் பார்த்து நோயாளியைப் பார்க்காமல் விட்டால் இந்த இடத்தில்தான் சறுக்கும். காலை இதய மட்டத்துக்கு மேல் உயர்த்திவைப்பது எல்லோரும் சொல்லி யாரும் செய்யாத சிகிச்சை; வீக்கம் வடிவதற்கு அது மருந்துக்கு இணையாக உதவும். முன்னேற்றம் தெரிந்தால் ஐந்து நாள் மருந்து போதும். மாத்திரை விழுங்க முடிகிற நோயாளியை நரம்பூசியிலேயே கட்டிவைக்க வேண்டிய தேவையும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும் முன் கால்விரல் இடுக்குகளை விரித்துப் பார்க்க வேண்டும். அங்கே பூஞ்சையால் வெடித்து ஊறிப்போயிருக்கும் தோலின் வழியாகவே பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் உள்ளே நுழைகிறது. அதற்கான களிம்பை எழுதாவிட்டால் சில மாதங்களில் அதே கால், அதே வார்டு. நாட்பட்ட வீக்கம் உள்ளவர்களுக்கு அழுத்தக் கட்டும் காலுறையும் பயன்தரும்: ஆஸ்திரேலியாவில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், அவற்றை அணிந்தவர்களில் 15 சதவீதத்தினருக்கும் அணியாதவர்களில் 40 சதவீதத்தினருக்கும் செல்லுலைட்டிஸ் திரும்பியது. இதெல்லாம் செய்தும் அடிக்கடி வருபவர்களுக்கு, குறைந்த அளவு பென்சிலினை நாள்தோறும் கொடுக்கலாம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 274 பேரிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு மருந்து எடுத்த காலத்தில் நோய் திரும்பியவர்கள் 22 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 37 சதவீதம். மாத்திரையை நிறுத்திய பிறகு இரண்டு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு மறைந்துவிட்டது. ஆகவே மாத்திரையை எழுதும்போதே எவ்வளவு காலத்துக்கு என்பதையும், நிறுத்தும் காலத்தில் வீக்கத்துக்கும் விரலிடுக்குக்கும் என்ன செய்யப்போகிறோம் என்பதையும் டிஸ்சார்ஜ் சீட்டில் சேர்த்தே எழுதிவிட வேண்டும்.